நடுங்கிய கையும் நேரான கோடுகளும்

ஆய்வகத்தில் அவளுக்கு டேப் அக்கா என்று பெயர். முனைவர் பட்டம் வாங்கி, இரண்டு ஊர்களில் வேலை பார்த்து, நாற்பதைத் தாண்டியபின் இங்கே வந்து சேர்ந்தவள். ஆனால் வேலை நேரத்தில் பாதியை ஒட்டுநாடாவோடு கழிப்பவளுக்குப் பட்டம் ஒட்டவில்லை, டேப்தான் ஒட்டிக்கொண்டது.

வேலை இதுதான். நகத்தளவு ஒரு படிகம் இருக்கும். தாமிரம், இந்தியம், பாஸ்பரஸ், கந்தகம் நான்கையும் சேர்த்து உலையில் வளர்த்தது. வெளிர்மஞ்சளாக, கண்ணாடி போல ஊடே பார்க்கும்படி இருக்கும். உள்ளே சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கடுக்காகப் போகும். டேப்பை ஒட்டி உரித்தால் சில அடுக்குகள் கையோடு வரும். அதை மடித்து ஒட்டி மறுபடி உரித்தால் இன்னும் மெலியும். உரித்து உரித்து, வெறும் கண்ணுக்குத் தட்டுப்படாத அளவுக்கு மெலிந்த துண்டை மெத்தென்ற ஒரு ரப்பர் வில்லைக்கு மாற்றி, அங்கிருந்து பொன்முலாம் பூசிய ஒரு தகட்டில் இறக்கி, ரப்பரை மட்டும் மெல்ல உரித்தெடுக்க வேண்டும். கடைசி உரிப்பில்தான் எல்லாம் இருக்கிறது. அவசரப்பட்டால் துண்டு கிழியும். தயங்கினால் ரப்பரோடு திரும்பி வந்துவிடும்.

"ஸ்டிக்கர் ஒட்டுற வேலைக்கா இத்தனை வருஷம் படிச்சே?" என்பான் அவள் கணவன். அவன் லிஃப்ட் மெக்கானிக். பெரிய கட்டடங்களின் உச்சியில், கம்பிவடங்களுக்கு நடுவே நின்று வேலை பார்ப்பவன்.

"ஆமா, நீங்க பட்டன் அமுக்குற வேலைக்குப் போற மாதிரிதான்" என்பாள் அவள்.

அந்தப் படிகத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு அவள் இப்படிச் சொல்வாள். ஒவ்வோர் அடுக்கிலும் தாமிர அணுக்கள் நட்டநடுவில் உட்காருவதில்லை. கொஞ்சம் மேலே ஏறியோ கீழே இறங்கியோதான் உட்காரும். பக்கத்தில் இருப்பது எந்தப் பக்கமோ, தானும் அந்தப் பக்கம். ஒரே பக்கம் சேர்ந்துகொண்ட கூட்டம் ஒரு பேட்டையாகிவிடும். அதற்கு டொமைன் என்று பெயர். படிகம் முழுக்க மேல்பேட்டை, கீழ்ப்பேட்டை என்று பிரிந்து கிடக்கும். மின்சாரத்தை நிறுத்தினாலும் அவை அப்படியே நிற்கும். மேலே என்றால் ஒன்று, கீழே என்றால் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டால், சும்மா இருக்கும்போது மின்சாரமே தின்னாத நினைவகம் ஒன்று செய்யலாம்.

சிக்கல் என்னவென்றால், பேட்டைகள் நாம் சொன்ன இடத்தில் நிற்பதில்லை. சிந்திய மை போலத் திட்டுத் திட்டாகப் பரவிக் கிடக்கும். மின்னூட்டிய ஊசிமுனையால் ஒவ்வொன்றாகத் திருப்பி எழுதலாம். ஆனால் ஒரு தலைமுடியின் அகலத்துக்கு எழுதி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அவை தாமாகவே வரிசையில் நிற்கும்படி செய்ய வழி உண்டா என்று அந்த ஆய்வகம் சில வருடங்களாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது. ஆய்வகத்தின் தலைமையில் இருந்த அம்மாளை எல்லோரும் மேடம் என்பார்கள். அதிகம் பேசாதவர். பேசினால் சுற்றி வளைக்க மாட்டார்.

டேப் அக்காவின் வலது கையில் நடுக்கம் தொடங்கியது ஒரு மழைக்காலத்தில். முதலில் அவளுக்கே சந்தேகம்தான். இடுக்கியைப் பிடிக்கும்போது அதன் நுனி படபடவென்று ஆடியது. பசியாக இருக்கும் என்று நினைத்து இரண்டு ரொட்டித் துண்டு சாப்பிட்டுவிட்டு வந்தாள். ஆட்டம் நிற்கவில்லை. சும்மா மடியில் கிடக்கும்போது கை சாதுவாக இருந்தது. எதையாவது பிடிக்கப் போனால்தான் ஆடியது.

அவளுடைய அப்பாவுக்கு இதே நடுக்கம் உண்டு. அவர் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். ஐம்பது வயதுக்குமேல் அவர் போட்ட ஒரு கையெழுத்தைப் போல இன்னொன்று இருந்ததில்லை. வங்கியில் ஒவ்வொரு முறையும் சந்தேகப்பட்டார்கள். கடைசியில் மனுஷன் வங்கிக்குப் போவதையே விட்டுவிட்டார். விருந்துகளுக்குப் போனாலும் குழம்பு தொடமாட்டார், மேலே சிந்திவிடும் என்று. கேட்டால் "வயிறு சரியில்ல" என்பார். அவருக்கு வயிறு சரியாக இருந்த நாளே கிடையாது என்று சொந்தக்காரர்கள் கேலி பேசினார்கள்.

அவளும் மறைக்கத் தொடங்கினாள். முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டாள். யாராவது அருகில் வந்தால் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு டேப் சுருளைத் தேடுவதுபோல் பாவனை செய்தாள். உரிப்பதுதான் அவளுடைய பிழைப்பு. அந்தக் கையே ஆட ஆரம்பித்துவிட்டால் தன்னை எதற்கு வைத்துக்கொள்வார்கள் என்ற எண்ணம் அவளை அரித்தது.

நடுங்கும் கையால் இறக்கிய துண்டுகளில் சுருக்கம் விழுந்தது. இஸ்திரி போடாத சட்டை மாதிரி. அந்த ஆய்வகத்தில் சுருக்கம் விழுந்த துண்டுக்கு மரியாதை கிடையாது, நேரே குப்பைக்குப் போகும். பத்தில் ஒன்றிரண்டு தட்டையாக வந்தால் அவற்றை மட்டும் அடையாளமிட்டு நுண்ணோக்கிக்கு அனுப்பினாள்.

கீழ்த்தளத்தில் நுண்ணோக்கியைப் பார்த்துக்கொண்டவனுக்குக் கல்லுக்கை என்று பட்டப்பெயர். அவளைவிடப் பத்து வயது இளையவன். கை அப்படி ஒரு நிதானம். கூரிய ஊசிமுனையைப் படிகத்தின்மேல் இறக்கி, மெல்லிய மின்னழுத்தம் கொடுத்து, படிகம் எங்கே உப்புகிறது, எங்கே சுருங்குகிறது என்று தடவிப் படமெடுப்பது அவன் வேலை. மேல்பேட்டை வெள்ளையாகவும் கீழ்ப்பேட்டை கறுப்பாகவும் திரையில் வரும்.

ஒரு நாள் அவள் அனுப்பிய நல்ல துண்டு விரிசல் விட்டிருந்தது. ஊசியை ஏற்கெனவே பொருத்தி, சரிபார்த்து, எல்லாம் தயாராக இருந்தது. சும்மா விட மனமில்லாமல் அதே தகட்டின் ஓரத்தில் கிடந்த சுருக்கத் துண்டின்மேல் ஊசியை இறக்கினான். சிறிது நேரத்தில் அவளைத் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"அக்கா, கொஞ்சம் இறங்கி வர்றீங்களா?"

"ஏன், இதுவும் கிழிஞ்சுடுச்சா?"

"இல்ல. நீங்களே வந்து பாருங்க."

திரையில் திட்டுகள் இல்லை. கோடுகள் இருந்தன. வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்று சீப்பால் வாரிவிட்டதுபோல. சுருக்கத்தின் மேடுகளில் எல்லாம் வெள்ளை, பள்ளங்களில் எல்லாம் கறுப்பு. ஒரு தலைமுடியின் அகலத்தில் அப்படி எழுநூறு எண்ணூறு கோடுகள் அடங்கிவிடும்.

"மேடு பள்ளத்தைத்தான் ஊசி காட்டுதோ என்னவோ" என்றாள் அவள். நல்லது எதுவும் இவ்வளவு சுலபமாக வராது என்பது அவளுடைய அனுபவம்.

"நானும் அதைத்தான் நெனச்சேன். சூடு பண்ணிப் பாப்போமா?"

அந்தப் படிகத்துக்கு ஒரு குணம். கடும் காய்ச்சல்காரனின் உடம்புச் சூட்டைக் கொஞ்சம் தாண்டினாலே பேட்டைகள் எல்லாம் கலைந்துவிடும். ஆறவிட்டால் மறுபடி கூடும், ஆனால் பழைய இடத்தில் கூடாது, இஷ்டத்துக்குக் கூடும். சூடேற்றினார்கள். கோடுகள் அழிந்தன, மேடு பள்ளம் மட்டும் அப்படியே இருந்தது. ஆகவே கோடு வேறு, மேடு பள்ளம் வேறு. பிறகு ஆறவிட்டார்கள். கோடுகள் அதே இடத்தில், அதே வரிசையில் திரும்பி வந்தன. மறுபடி சூடேற்றி ஆறவிட்டபோதும் அப்படியே.

கல்லுக்கை நாற்காலியில் சாய்ந்துகொண்டான். "வளைவுதான் இடம் சொல்லுது அக்கா. மேல வளைஞ்சா மேல், கீழ வளைஞ்சா கீழ்."

மேடம் வந்து பார்த்தார். பிறகு, "குப்பையில போட்டதெல்லாம் எங்க?" என்று கேட்டார். அன்று சாயங்காலம் வரை டேப் அக்காவும் கல்லுக்கையும் குப்பைக்கூடையைக் கிளறிக்கொண்டிருந்தார்கள்.

அதன்பின் அவளுக்கு ஏறுமுகம். சுருக்கத் துண்டுகளாகவே கேட்டார்கள், அவளும் கொடுத்தாள். கல்லுக்கை தானே உரித்துப் பார்த்தபோது அவனுக்கு எல்லாம் தட்டையாகவே வந்தது. வேண்டுமென்றே கையை ஆட்டிப் பார்த்தான், கிழிந்தது. "உங்க கைராசி அக்கா" என்றான். அவள் சிரித்து மழுப்பினாள்.

வீட்டில் மழுப்ப முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஊசியில் நூல் கோக்கப் படும் பாட்டைக் கணவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எத்தனை நாளா?"

"எது?"

"என்கிட்ட வேண்டாம். லிஃப்ட் கம்பியில சின்னதா ஒரு அதிர்வு வந்தாலே எனக்குக் கால்ல தெரியும். பக்கத்துல உக்காந்து சாப்பிடுறவ கை ஆடுறது தெரியாதா?"

அவள் ஊசியைக் கீழே வைத்தாள். "அப்பாவுக்கு வந்ததுதான்னு நெனக்கிறேன்."

"நெனச்சுக்கிட்டே இருந்தா ஆச்சா? டாக்டர்கிட்ட போவோம்."

நரம்பு மருத்துவர் அவளிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்து, நடுவிலிருந்து தொடங்கிச் சுருள் ஒன்றை வரையச் சொன்னார். அவள் வரைந்த சுருள், கரடுமுரடான ரம்பத்தை வட்டமாக வளைத்ததுபோல் வந்தது. கையை நீட்டச் சொன்னார், மடக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார். அப்பாவைப் பற்றிக் கேட்டார்.

"பயப்படுற வியாதி இல்ல" என்றார். "குடும்பத்துல வர்ற நடுக்கம். வயசோட கொஞ்சம் கூடலாம். மாத்திரை தர்றேன், அடங்கும். முழுசா போயிடும்னு சொல்ல மாட்டேன்."

மாத்திரை வேலை செய்தது. ஒரு வாரத்தில் அவளால் சிந்தாமல் சூப் குடிக்க முடிந்தது. அதே வாரம் அவள் இறக்கிய துண்டுகள் ஒன்றுவிடாமல் பளிங்குபோல் தட்டையாக வந்தன. கல்லுக்கை படமெடுத்துப் பார்த்தான். கோடு இல்லை, பழைய மைத்திட்டுகள்தான்.

"என்ன அக்கா, கைராசி லீவு போட்டுருச்சா?"

அவளுக்கு அந்த நொடியிலேயே புரிந்துவிட்டது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் மாத்திரை போடாமல் வந்தாள். கை ஆடியது, சுருக்கம் விழுந்தது, கோடு வந்தது. சரிபார்க்க இன்னொரு வாரம் அப்படியே மாற்றி மாற்றிச் செய்தாள். மாத்திரை போட்ட நாள் தட்டை, போடாத நாள் கோடு. அதற்குப்பின் கேட்டபோதெல்லாம் மாத்திரையைத் தவிர்த்துக் கோடு கொடுப்பது வழக்கமாகிவிட்டது. கணவன் மாத்திரை அட்டையைப் பார்த்துக் கேட்டபோது, மறந்துவிட்டதாகச் சொன்னாள். அவன் நம்பவில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

அவளால் தாங்க முடியாமல் போனது கல்லுக்கையின் நிலைமை. கண்டுபிடிப்பை வெளியே சொல்வதற்குமுன் அவளைத் தவிர இன்னொருவர் கையிலும் கோடு வர வேண்டும் என்று மேடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்தப் பொறுப்பு அவன் தலையில் விழுந்தது. டேப்பை மாற்றினான், ரப்பரை மாற்றினான், அறையின் ஈரப்பதத்தை மாற்றினான். தகடு தகடாக வீணாயிற்று. மத்தியான உணவு நேரத்தில்கூட உரித்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் படிக்கட்டில் அவளிடம், "என் கைக்கு உணர்ச்சியே இல்லையோன்னு தோணுது அக்கா. வேற வேலை பாக்கலாமான்னு இருக்கு" என்றான். கேலியாகச் சொல்லவில்லை.

மறுநாள் காலை அவள் மேடத்தின் அறைக்குப் போனாள். கல்லுக்கையையும் கூட்டிக்கொண்டு போனாள். உட்காரவில்லை.

"கோடு எப்படி வருதுன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "எனக்கு வலது கை நடுங்குது. ரப்பரை உரிக்கும்போது அந்த நடுக்கம்தான் சுருக்கம் போடுது. மாத்திரை போட்டா நடுக்கம் நிக்குது, சுருக்கமும் நிக்குது. நான் மாத்திரை போடாம வந்து செஞ்சு கொடுத்திருக்கேன்."

"எப்போலேர்ந்து தெரியும்?" என்றார் மேடம்.

"ரெண்டு மாசமா."

"ரெண்டு மாசமா இந்தத் தம்பி தலையைப் பிச்சுக்கிட்டு இருக்கான்."

"ஆமா. பயந்துட்டேன். உரிக்கிற வேலை போயிடும்னு."

"உரிக்கிற வேலை போகத்தான் போகுது" என்றார் மேடம். "ஒருத்தர் மாத்திரையை நிறுத்திட்டு வந்து செய்யணும்னா அது ஆராய்ச்சி இல்ல. அதுக்காக உங்களை அனுப்பிடுவேன்னு யார் சொன்னாங்க? இன்னிக்கு மாத்திரை போட்டீங்களா?"

"இல்ல மேடம்."

"முதல்ல போய்ப் போடுங்க."

கல்லுக்கை திரும்பி வெளியே போனான். அந்த வாரம் முழுக்க அவளிடம் வேலைக்கு வேண்டியதைத் தவிர வேறு பேசவில்லை. அக்கா என்று கூப்பிடவும் இல்லை. அவளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது, ஆனாலும் வலித்தது. அடுத்த வாரம் அவளுடைய மேசைக்கு வந்து நின்றான்.

"டாக்டரைக் கேட்டுட்டு ஒரே ஒரு நாள் மாத்திரை இல்லாம வர முடியுமா அக்கா? உங்க கையை வீடியோ எடுக்கணும்."

மருத்துவர் சம்மதித்தார். வேகமாகப் படம்பிடிக்கும் கேமரா ஒன்றைக் கடன் வாங்கி மேசையோரம் நிறுத்தினார்கள். இத்தனை காலம் மறைத்து வைத்த கையை விளக்கு வெளிச்சத்தில் நீட்டி உட்கார்ந்திருந்தது அவளுக்கு உடம்பைக் கூச வைத்தது. முதல் சில முறை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு திரையில் பெரிதாகத் தெரிந்த படத்தைப் பார்க்கப் பார்க்கக் கூச்சம் போய் ஆர்வம் வந்துவிட்டது. அது யாரோ ஒருவருடைய கைபோலத்தான் இருந்தது.

"இங்க நிறுத்து" என்றாள். "ரப்பரைப் பாரு. கை மேல போகும்போது இழுபடுது. கீழ வரும்போது விட்டுக்குது. விட்டுக்கும்போதுதான் சுருக்கம் விழுது."

"அப்போ ஆட்டம் முக்கியம் இல்ல" என்றான் அவன் மெதுவாக. "இழுத்து விடுறதுதான் முக்கியம். நான் ஆட்டினப்போ ரப்பர் இழுபடவே இல்ல, துண்டுதான் கிழிஞ்சுது."

"ரப்பரை முன்னாடியே இழுத்துப் பிடிச்சுக்குவோம். இழுத்த ரப்பர் மேல துண்டை ஒட்டிட்டு, அப்புறம் மெல்ல விட்டா?"

கேட்க எளிதாக இருந்தது. செய்யப் பல மாதம் ஆயிற்று. அதிகம் இழுத்தால் துண்டு நொறுங்கியது. குறைவாக இழுத்தால் சுருக்கமே விழவில்லை. சுருக்கம் விழுந்த துண்டைத் தகட்டில் இறக்கினால் தட்டையாகப் படுத்துக்கொண்டது. அவள் கணவன் பட்டறையிலிருந்து ஒரு பழைய திருகுப் பிடிப்பானைக் கொண்டுவந்து கொடுத்தான். திருகைத் திருப்பத் திருப்ப ரப்பர் ஒரே சீராக நீளும். அது உதவியது. ஆனால் கடைசியில் கைகொடுத்தது கல்லுக்கை செய்த மாற்றம்தான். தகட்டின்மேல் ஓர் இளகிய பூச்சைத் தடவி, துண்டு அதில் லேசாக அமிழ்ந்ததும் அதை இறுக விட்டான். சுருக்கம் படுக்காமல் நின்றது.

முதல் ஒழுங்கான படம் அவன் உரித்த துண்டிலிருந்துதான் வந்தது. கோடுகள் அவளுடையவற்றைவிட நேராக இருந்தன. மெல்லிய துண்டு எடுத்தால் நெருக்கமான கோடு, தடித்த துண்டு எடுத்தால் அகலமான கோடு. வேண்டிய அகலத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்ய முடிந்தது. சூடேற்றி அழித்தாலும் ஆறியதும் அதே இடத்தில் நின்றன. தொலைவில் இன்னொரு ஆய்வகத்துக்குச் செய்முறையை அனுப்பினார்கள். அவர்களுக்கும் வந்தது.

கட்டுரை எழுதும்போது, இதை முதலில் எப்படிக் கண்டோம் என்று எழுதுவதா வேண்டாமா என்று பேச்சு வந்தது. மேடம் முடிவை அவளிடமே விட்டார். அவள் ஒரு நாள் யோசித்துவிட்டு, தானே ஒரு வாக்கியம் எழுதினாள்: கையால் உரிக்கும்போது ஏற்பட்ட நடுக்கத்தால் விழுந்த சுருக்கங்களில் இந்த ஒழுங்கு முதலில் தென்பட்டது. யாருடைய கை என்று எழுதவில்லை. ஆய்வகத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும், அது போதும் என்றாள்.

ஒரு விடுமுறை நாளில் அண்ணன் வீட்டில் இருந்த அப்பாவைப் பார்க்கப் போனபோது அந்த வீடியோவைக் காட்டினாள். அவர் கைபேசியை வாங்கினார். பிடித்த கை ஆடியதால் படமும் சேர்ந்து ஆடியது. மகள் அதை மேசைமேல் சாய்த்து வைத்தாள்.

"யார் கை இது? என் கை மாதிரி இருக்கு."

"என் கைதான்பா."

அவர் திரும்பி மகளின் கையைப் பார்த்தார். "எப்போ வந்துச்சு?"

அவள் சொன்னாள். மருத்துவர் சொன்னதையும் சொன்னாள். மாத்திரையின் பெயரைக் கேட்டார். தனக்கும் அது ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டார். இத்தனை வருடத்தில் அவர் தன் நடுக்கத்தைப் பற்றி வாய்விட்டுப் பேசியது அதுதான் முதல் முறை. அடுத்த வாரம் அண்ணன் அவரை அதே மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனான். அவருக்கு ஆஸ்துமா இருந்ததால் அந்த மாத்திரை ஆகாது என்று வேறொன்று கொடுத்தார்கள். ஓரளவுக்குக் கேட்டது.

டேப் அக்கா இப்போது உரிப்பதில்லை. புதிதாக வந்த ஒருத்தி உரிக்கிறாள், அவளைச் சின்ன டேப் என்கிறார்கள். மூத்தவள் கல்லுக்கையோடு நுண்ணோக்கி அறையில் உட்கார்ந்து, எந்தச் சுருக்கத்தை எப்படிப் போட்டால் கோடு எங்கே விழும் என்று கணக்குப் போடுகிறாள். ஊசியைப் பொருத்துவது அவன், படத்தைப் படிப்பது அவள். சில நாட்களில் டேப்பைக் கையில் எடுக்கத் தோன்றும் என்று கணவனிடம் சொல்லியிருக்கிறாள். பரிசுப்பொருள் ஏதாவது கட்ட வேண்டியிருந்தால் வீட்டில் அவளிடம்தான் கொடுக்கிறார்கள்.

இப்போதைய சிக்கல் மூலை. நேர்க்கோடு வந்துவிட்டது. ஆனால் கோடு ஓரிடத்தில் திரும்ப வேண்டும் என்றால், திருப்பத்தில் சுருக்கம் இரண்டாகக் கிளைத்துவிடுகிறது, கறுப்பும் வெள்ளையும் ஒன்றோடொன்று குழம்பிப் போகின்றன. ரப்பரை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இழுத்துப் பார்த்தார்கள், சரிவரவில்லை. ஒரு பக்கம் முதலில், மறுபக்கம் பிறகு என்று விட்டுப் பார்க்கலாம் என்கிறாள் அவள். துண்டு கிழியும் என்கிறான் அவன். திங்கட்கிழமை செய்து பார்க்கப் போகிறார்கள்.